ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை

தமிழரசி, பாண்டி, இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது தமிழரசி ஒரு கேள்வி கேட்டாள். "நல்லா வேல செய்யிற ஆள எதுக்குப்பா அஞ்சு வருசத்துல எறக்கி விடணும்? நீங்க மட்டும் ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதே பஞ்சாயத்து ஆபீசுல உக்காந்திருந்தீகள்ல?" பாண்டி சிரித்தான். பேச்சில் எனக்கு எதுவும் கோர்வையாக வராது, எழுதினால் வரும். தீர்மானம் எழுதியே தேய்ந்த கை. அதனால் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது உங்களுக்குத் தெரியும். பஞ்சாயத்தில் எழுத்தர் வேலை கிடைத்ததும் ஆண்டிபட்டிப் பக்கம் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பதிவேடுகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தை நான் கற்றுக்கொண்டது தேர்தலே நடக்காமல் கிடந்த வருஷங்களில். அப்போது ஊருக்குத் தலைவர் கிடையாது. யூனியன் ஆபீசில் இருக்கும் தனி அலுவலர் ஒருவர்தான் பல ஊர்களுக்கும் சேர்த்துத் தலைவர். அவருக்கு நம் ஊர்ப் பக்கம் வர நேரமிருக்காது. மாதக் கடைசியில் தீர்மானப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நான் பஸ் ஏறுவேன். அவர் டீ குடித்துக்கொண்டே, நான் விரித்த பக்கத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். மூன்றாம் தேதி எழுதிய தீர்மானத்துக்கு முப்பதாம் தேதி கையெழுத்து விழும். தப்பென்று யாரும் சொன்னதில்லை. எழுத்து இன்றைக்கு, கையெழுத்து என்றைக்கோ. இந்தப் பழக்கம் என் கையில் அப்படித்தான் ஏறியது. பின்னால் நான் செய்த தப்பும் இதிலிருந்துதான் வந்தது.

தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தது. நம் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர் தெய்வேந்திரன் தன் மனைவி ராஜேஸ்வரியம்மாவை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். கையெழுத்து அந்தம்மாவுடையது, பேச்செல்லாம் இவருடையது. ஐந்து வருஷமும் தலைவர் நாற்காலியில் இவர் இருந்தார், தலைவர் பக்கத்து ஸ்டூலில் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தெருவிளக்கு போட்டார், குழாய் இழுத்தார். சத்தம் மட்டும் ஜாஸ்தி. அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்து போவார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் ராஜேஸ்வரியம்மா தோற்றுப்போனார். காலம் முடிந்த மறுநாள் காலையில் நான் ஆபீசைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன், புல்லட் சத்தம் கேட்டது. தெய்வேந்திரன் வழக்கம்போல இறங்கி, வழக்கம்போலப் படியேறி, நிலைப்படி வரைக்கும் வந்தார். உள்ளே வைக்கத் தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"யோவ் கிளார்க்கு, என் மூக்குக்கண்ணாடி மேசைல கெடக்கா பாரு."

"உள்ள வாங்கண்ணே."

"வேணாம்யா. நீயே எடுத்தா."

எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் விளக்குமாற்றோடு வெளியே வந்து பார்த்தேன். வாசலில் போலீஸ் இல்லை. கயிறு கட்டவில்லை. போகாதே என்று சொல்ல ஒரு ஈ காக்கா இல்லை. அவ்வளவு பெரிய தோட்டத்துக்காரரை, யாருக்கும் பயப்படாத மனிதரை, அங்கே நிறுத்தியது எது? முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை என்று தேர்தல் சமயத்தில் எங்களுக்கு வாசித்துச் சொல்லியிருந்தார்கள். நானும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது வெறும் வரி என்று நினைத்திருந்தேன். அந்த வரி வாசலில் ஆள் மாதிரி நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஜெயித்து வந்தவர் பேச்சியம்மாள். ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விடிந்தும் விடியாமலும் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய், ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குகிற பெண்களில் ஒருவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம், என்னைவிடச் சின்னவர். அவர் தேர்தலுக்கு நின்றது ஒரே ஒரு காரியத்துக்காக. அவரோடு வேலைக்குப் போன முருகாயிக்கு மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பிலேயே வலி கண்டுவிட்டது. ஊருக்குள் பார்க்க ஆளில்லை. உத்தமபாளையம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிள்ளை பேச்சியம்மாளின் மடியிலேயே போய்விட்டது. ஊருக்குள் ஒரு நர்ஸ் தங்குகிற மாதிரி துணை சுகாதார நிலையம் வேண்டும். அவர் வீடு வீடாகப் போய்க் கேட்ட ஓட்டு அதற்குத்தான்.

பதவியேற்ற அன்றைக்கு என் மேசைக்கு முன்னால் வந்து நின்று முதலில் கேட்டது இதுதான்.

"அண்ணே, அஞ்சு வருசம்னா எத்தன நாளு?"

தாளில் பெருக்கிப் பார்த்துச் சொன்னேன். "ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தாறும்மா. நடுவுல ஒரு லீப் வருசம் வருது."

"ஒரு நாளு எச்சா வருதா? அது போதும்ணே, ஒரு வேலையாச்சும் கூட நடக்கும்," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் வேலை பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டம் என்றால் மூன்று நாள் முன்பே உறுப்பினர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும். வந்தவர்கள் வருகைக்குக் கையெழுத்துப் போட்டபின் தீர்மானங்களை வாசிக்க வேண்டும். இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பது. பேச்சியம்மாளிடம் ஒவ்வொரு தீர்மானத்தையும் நான் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். முதல் தடவை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொள்வார். பிறகு புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துப் படிப்பார். கடைசி வரிக்குக் கீழே இடைவெளி இருந்தால் கையெழுத்துப் போட மாட்டார். "இந்தக் காலி எடத்துல நாளைக்கு என்ன மொளைக்கும்னு எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?" என்பார். கடைசி எழுத்தை ஒட்டித்தான் போடுவார். தேதியை நான் எழுத விடமாட்டார். தன் கையாலேயே போடுவார். கையெழுத்தைவிட அதற்குத்தான் அவருக்கு நேரம் பிடிக்கும்.

ஒரு தடவை கூட்டத்துக்கு நடுவில் அவர் வீட்டுக்காரர் வந்து உட்காரப் பார்த்தார். "கூட்டம் நடக்குது, வெளிய இருங்க," என்றார் பேச்சியம்மாள்.

"ஏன், நான் ஒம் புருசன்ல?"

"அது வீட்டுல. இங்கன நீங்க மூணாவது வார்டு ஓட்டுக்காரரு."

உறுப்பினர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தெய்வேந்திரனின் காலத்தைப் பார்த்திருந்த எனக்கு அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

சுகாதார நிலையத்துக்கு மனு மேல் மனுவாகப் போட்டு, தேனிக்கும் உத்தமபாளையத்துக்கும் அலைந்து, ஐந்தாவது வருஷக் கடைசியில்தான் வழி பிறந்தது. ஐந்து சென்ட் இடத்தை ஊர் கொடுத்தால் கட்டிடம் வரும். ரோட்டோரத் தென்னந்தோப்புக்காரர் பொன்னுச்சாமி தானமாகத் தர ஒத்துக்கொண்டார். பஞ்சாயத்து அதை ஏற்றுத் தீர்மானம் போட்டு, அதன் நகல் அந்த வெள்ளிக்கிழமைக்குள் யூனியன் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் கட்டிடம் பக்கத்து ஊருக்கு.

இதற்குள் அடுத்த தேர்தலும் நடந்து முடிந்துவிட்டது. அந்த முறை பதவி பொதுவாகிவிட்டதால் தெய்வேந்திரன் தானே நின்றார், பேச்சியம்மாளும் நின்றார். பேச்சியம்மாள் தோற்றார். "அந்தம்மா போட்டத எல்லாம் கிழிச்சிட்டுப் புதுசாப் போடுவேன்" என்று தெய்வேந்திரன் ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னதை ஊரே கேட்டிருந்தது. அதனால் பேச்சியம்மாள் தன் காலத்தின் கடைசி நாளில், அது ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசிக் கூட்டத்தைக் கூட்டினார்.

ஏழு தீர்மானங்கள். ஏழாவதுதான் இடம் சம்பந்தப்பட்டது. எல்லோரும் சரி என்றார்கள். ஆறு வரைக்கும் கூட்டத்திலேயே புத்தகத்தில் எழுதி முடித்துவிட்டேன். ஏழாவதில் சர்வே நம்பரின் உட்பிரிவில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தப்பாக எழுதினால் பத்திரமே செல்லாது. "வி.ஏ.ஓ. கிட்டக் கேட்டுட்டு வந்து எழுதிர்றேம்மா," என்றேன். பேச்சியம்மாள் ஆறாவதன் கடைசி எழுத்தை ஒட்டிக் கையெழுத்தையும் தேதியையும் போட்டார். "ஏழாவத எழுதிட்டுச் சொல்லி அனுப்புங்கண்ணே, வந்து போடுறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வி.ஏ.ஓ.வைப் பிடித்து, நம்பரைச் சரிபார்த்து, திரும்பி வந்து அழகாக எழுதினேன். அப்போது மணி ஐந்தரை. அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மை காயட்டும், காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடிப் பையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தனை வருஷம் அப்படித்தானே வாங்கினேன். மறுநாள் காலை எழுந்து பல் துலக்கும்போதுதான் அது உறைத்தது. காலையில் அவர் தலைவர் இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வீட்டில் இல்லை, வேலைக்குக் கிளம்பிவிட்டதாக அவர் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. நேற்று வரைக்கும் தலைவர், இன்றைக்கு எந்த வேலைக்கு? ஜீப் நிற்கிற முக்குக்கு வந்து பார்த்தால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு, ஜீப்பின் பின்பக்கம் பெண்களோடு பெண்ணாக நெருக்கி உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷம் எழுந்து எழுந்து வணக்கம் சொன்ன எனக்கு அவரை அங்கே பார்த்ததும் கை தானாகக் கும்பிடப் போனது.

"கிளார்க்கண்ணே காய் எடுக்க வர்றாகடி, எடம் விடுங்க," என்று ஒருத்தி சொல்ல, ஜீப்பே சிரித்தது.

"பிரசிடெண்டம்மா, ஒரு நிமிசம் எறங்குங்க."

"பேச்சின்னு கூப்புடுங்கண்ணே. அது நேத்தோட முடிஞ்சுச்சுல்ல," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

ஜீப்பின் முன்பக்கத்தில் புத்தகத்தை விரித்தேன். அந்தக் காலை வெளிச்சத்தில் வழக்கம்போல விரலை வைத்து முழுசாகப் படித்தார்.

"நம்பரு சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா. கையெழுத்துத்தான் இல்ல. நேத்துத் தேதியப் போட்டு ஒரு கையெழுத்து..."

"நேத்துத் தேதிய நான் இன்னைக்கு எப்பிடிண்ணே போடுறது?"

"அவரு பத்து மணிக்குத்தான் பதவி ஏக்குறாரு. அதுக்குள்ள போட்டா யாருக்கும் தெரியாதும்மா. தீர்மானம் நேத்துப் பேசுனதுதான். பொய் ஒண்ணும் இல்ல."

"பேசுனது மெய். தேதி பொய்தான?"

ஜீப்புக்குள்ளிருந்து முருகாயி தலையை நீட்டினாள். பிள்ளையைப் பறிகொடுத்த அதே முருகாயி. "போட்டு விடு மதினி. ஒரு கையெழுத்துல ஒன் கை தேஞ்சா போகும்?"

அதைக் கேட்டதும் பேச்சியம்மாளின் முகம் மாறியது. முருகாயியை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "முருகாயி, சாயந்தரம் தராசக் கழட்டுன பெறகு காயக் கொண்டாந்தா கங்காணி நிறுப்பாரா?"

"நிறுக்க மாட்டான், பாவி."

"நெசமாவே அன்னைக்கு எடுத்த காய்தான்னு சொன்னாலும் நிறுக்க மாட்டாருல்ல. இன்னைக்கு நல்லதுக்குன்னு நான் போட்டுட்டுப் போனா, நாளைக்கு எறங்கிப் போறவன் ஒவ்வொருத்தனும் மறுநாள் வந்து பேனாவக் கேப்பான். அவன் நல்லதுக்குத்தான் போடுவான்னு ஒனக்குத் தெரியுமா?"

முருகாயி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கோபம்தான். எனக்கும் கோபம் வந்தது. அவருக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தேன். யோசித்தால், என் தப்பை மூடத்தான் அந்த அவசரம்.

"இப்ப என்னம்மா பண்றது? தெய்வேந்திரன் அண்ணன் மைக்குல சொன்னத நீங்களும் கேட்டீகள்ல."

"கேட்டேன்." புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். பிறகு ஜீப்பிலிருந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டிரைவரிடம், "நீ கெளம்புப்பா, நான் இன்னைக்கு வரல," என்றார். என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். பையில் இருந்ததைக் கொடுத்தேன்.

பத்து மணிக்கு ஆபீஸ் முன்னால் பந்தல், மாலை, வெடி. யூனியனிலிருந்து வந்த அதிகாரி வாசிக்க வாசிக்கத் தெய்வேந்திரன் உறுதிமொழி எடுத்தார். ஐந்து வருஷத்துக்கு முன் நிலைப்படி தாண்டாமல் நின்ற மனிதர் இப்போது நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். உறுப்பினர்களும் உறுதிமொழி எடுத்தபின் முதல் கூட்டம். "எழுதுறதுக்கு எதும் இருக்காய்யா?" என்று என்னைக் கேட்டார். நான் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அப்போது வாசலில் நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்தார்.

"தோத்தவ எதுக்கு வந்திருக்கா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஐயா, நான் மூணாவது வார்டு பேச்சியம்மா. ஒரு மனு," என்று இரண்டு கையாலும் தாளை நீட்டினார். அவர் வாயில் 'ஐயா' வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை, தெய்வேந்திரனை ஊர் முறைக்கு 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

தெய்வேந்திரன் வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படித்தார். "சுகாதார நெலையத்துக்கு எடம். சரி. நேத்து வரைக்கும் நீதான தலைவரு? நேத்தே போட்டிருக்கலாம்ல? இன்னைக்கு எதுக்கு எங்கிட்ட வந்து நிக்கிற?"

"விட்டுப் போச்சு," என்றார் பேச்சியம்மாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "தப்பு என்னுதுண்ணே. நேத்துக் கூட்டத்துல பேசி முடிச்சாச்சு. எழுதவும் எழுதிட்டேன். கையெழுத்துத்தான் வாங்கல." புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கூமுட்ட. காலைல போயி நேத்துத் தேதிக்கு வாங்கி வச்சிருக்கலாம்லய்யா. நானா வந்து பாக்கப் போறேன்?"

"போனேண்ணே. ஜீப்புல ஏறி உக்காந்திருந்தாக. எறக்கிக் கேட்டேன். காலம் முடிஞ்சு போச்சு, முடியாதுன்னுட்டாக."

தெய்வேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். பேச்சியம்மாளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்தார். வெளியே வெடிச் சத்தம் ஓய்ந்திருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டிடம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு முழு அதிகாரம் இருந்தது. அவர் மைக்கில் சொன்ன வாக்கும் இருந்தது.

"கல்வெட்டுல எம் பேருதான் இருக்கும். தெரியும்ல?" என்றார்.

"ஒங்க பேருதான் இருக்கணும் மாமா. ஒங்க காலத்துலதான கட்டப் போறாக."

ஒரு உறுப்பினர், "அந்தம்மா பேரையும் ஓரமாப் போட்டுருவோம்," என்றார்.

"ஓரமும் கெடையாது, மூலையும் கெடையாது," என்றார் தெய்வேந்திரன். பிறகு என்னிடம், "எழுதுய்யா. முதல் தீர்மானம்."

முந்தின நாள் எழுதிய ஏழாவதன் மேல் குறுக்கே கோடு இழுத்து, 'கையொப்பம் பெறப்படவில்லை, என் தவறு' என்று எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அடுத்த பக்கத்தில் அதே தீர்மானத்தை முதலிலிருந்து எழுதினேன். நம்பரில் இப்போது சந்தேகம் இல்லை. மை காய்வதற்குள் தெய்வேந்திரன் கையெழுத்துப் போட்டார்.

"தேதி, மாமா," என்றார் நின்றுகொண்டிருந்த பேச்சியம்மாள்.

"போடுறேன் தாயி, விடேன்," என்றார் அவர். கூட்டம் முழுக்கச் சிரித்தது.

மத்தியான பஸ்ஸில் நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, உண்மையை எழுதிப் பதில் கொடுத்தேன், அதோடு விட்டார்கள். அதற்குப் பிறகு கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கத்தையும் நான் மூடியதில்லை. இரண்டு வருஷத்தில் கட்டிடம் எழுந்தது, நர்ஸ் வந்தார். கல்லில் தெய்வேந்திரன் பெயர்தான் இருக்கிறது. முருகாயியின் தங்கச்சிக்கு அங்கேதான் பிரசவம். தாயும் பிள்ளையும் சுகம். முருகாயியும் மதினியோடு மறுபடி பேசிவிட்டாள்.

தமிழரசி, உன் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. பெரிய பதில் என்னிடம் இல்லை. பேச்சியம்மாள் இன்னொரு ஐந்து வருஷம் இருந்திருந்தால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் நான் இரண்டாயிரத்துப் பத்தில் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த மேசையில் இருந்தவன். எனக்கு எப்போதும் நாளை என்று ஒன்று இருந்தது, அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு தெரு நடக்கத் தோன்றவில்லை. ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு நாளையும் எண்ணி வேலை பார்த்தவருக்குத்தான் ஒரு நாள் என்றால் என்ன என்று தெரிந்திருந்தது.

அன்றைக்கு நான் பஸ் ஏறுவதற்கு முன்னால் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கூட்டம் கலைந்தபின் பேச்சியம்மாள் என் மேசைக்கு வந்து, "மனுவுக்கு ரசீது குடுங்கண்ணே," என்றார். மனுப் பதிவேட்டை எடுத்தேன். அதில் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வரி. இடது பக்கம் மனு கொடுத்தவர் கையெழுத்து, வலது பக்கம் அதைப் பார்த்த தலைவர் கையெழுத்து. முந்தின நாள் சாயங்காலம் யாரோ தெருவிளக்கு கேட்டுக் கொடுத்த மனுதான் கடைசி வரி. அதன் வலது பக்கம் பேச்சியம்மாள் என்று இருந்தது. அடுத்த வரியின் இடது பக்கத்தை நான் காட்ட, அவர் குனிந்து அதே கோணல் எழுத்தில், அதே நிதானத்தில் பேச்சியம்மாள் என்று எழுதி, தேதியும் போட்டார். ரசீதை வாங்கி மடித்துத் தூக்குவாளி மூடிக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். நான் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன். இரண்டு கையெழுத்து, ஒரே ஆள், நடுவில் ஒரு கோடு.